ஒரு சொல் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர்ந்த கதை



போன வாரம் என்னிடம் படித்த ஒரு பெண் போனில் அழைத்தாள். இப்போது அவளும் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியை. "ஐயா, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதுச்சொல் சொல்லிக் கொடுத்தால் பரீட்சை வரைக்கும் நிற்கிறது, பரீட்சை முடிந்ததும் போய்விடுகிறது. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டாள். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறு பாதையில் போய்விட்டது. இரண்டாயிரம் வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டு மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நம்மிடம் இருக்கிறார்களே, அவர்களை விட்டுவிட்டு நான் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? பதிவு நீளம். காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் தொல்காப்பியர். சொல்லதிகாரத்தில் உரியியல் என்று ஓர் இயல் உண்டு. பொதுவாக அதை இலக்கணமாகத்தான் படிப்போம். பி.எட். முடித்துவிட்டு வந்து மறுபடி படித்தபோது அது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஒரு வாத்தியார் சொற்பொருள் சொல்லித்தரும் முறையையே அங்கே எழுதி வைத்திருக்கிறார். உறு, தவ, நனி மூன்றும் மிகுதி என்னும் பொருள் தரும் என்பது போல நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. எல்லாருக்கும் வெளிப்படையாகத் தெரிந்த சொல்லுக்கு விளக்கம் வேண்டாம், தெரியாததற்கு மட்டும் சொன்னால் போதும் என்கிறார். பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்து வைத்துப் புரியவை என்கிறார். பொருளுக்குப் பொருள், அதற்கும் ஒரு பொருள் என்று கேட்டுக்கொண்டே போனால் அதற்கு முடிவே கிடையாது என்றும் எச்சரிக்கிறார். கடைசியில், சொல்லித் தருகிறவனுக்குத் திறமை இருந்தால் பொருள் போய்ச் சேரும், ஆனாலும் உணர்வது கேட்பவனைப் பொறுத்தது என்று முடிக்கிறார்.

இந்த இடத்துக்கு உரை எழுதிய பெரியவர்கள் இன்னும் நடைமுறைக்கு வருகிறார்கள். இணையான ஒரு சொல்லைச் சொல்லிப் பார். புரியவில்லையா, ஒரு தொடரில் வைத்துச் சொல். அதுவும் ஏறவில்லையா, பொருளையே நேரில் காட்டு. இந்த மூன்று படியைத் தாண்டி எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்கு யாரும் பெரிதாகச் சொல்லித் தந்ததில்லை. என்ன, முகாமில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தார்கள்.

அடுத்து வந்தவை நிகண்டுகள். உங்களில் பலருக்கு நிகண்டு என்ற பெயர் ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டும்தான் ஞாபகம் இருக்கும். சேந்தன் என்பவர் ஆதரவில் திவாகரர் செய்த திவாகரம், பிங்கலர் செய்த பிங்கலந்தை, பிறகு மண்டல புருடர் என்ற சமணப் புலவர் செய்த சூடாமணி நிகண்டு. இவை அகராதிகள்தான், ஆனால் புரட்டிப் பார்ப்பதற்காகச் செய்தவை அல்ல. தலைக்குள் வைத்துக்கொள்வதற்காகச் செய்தவை. ஓலைச்சுவடியில் தேடுவது லேசான காரியமா? கட்டை அவிழ்த்து, ஏடு ஏடாகத் தள்ளி, எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்குள் பாடம் முடிந்துவிடும். அதனால் பையனின் மனசையே ஏடாக்கினார்கள்.

அதன் அமைப்பைப் பாருங்கள். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று தொகுதி தொகுதியாகப் போகும். திவாகரத்திலும் சூடாமணியிலும் மொத்தம் பன்னிரண்டு. யானைக்கு எத்தனை பெயர் என்றால் எல்லாம் ஒரே இடத்தில். பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. சூடாமணியில் அது எதுகை வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். அதாவது முதல் எழுத்தை வைத்து இல்லை, இரண்டாம் எழுத்தை வைத்து. இன்றைக்கு நமக்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் பாட்டில் அடி தொடங்கும்போது காது பிடித்துக்கொள்வது எதுகையைத்தானே? பழைய நிகண்டுகள் நூற்பாவில் இருந்தன, மண்டல புருடர் விருத்தத்தில் பாடினார். விருத்தத்துக்கு ஓசை உண்டு, பிள்ளைகள் வாய்க்கு வரும். திண்ணைப் பள்ளிகளில் அவர் நூல் நிலைத்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதை அச்சில் பதிப்பித்தார்.

திண்ணைப் பள்ளி என்றதும் உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கும் ஒரு செய்தி எனக்கு நினைவு வரும். மாலையில் பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும்போது வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு மிருகம், ஓர் ஊர் என்று பெயர்கள் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில் வந்து மறக்காமல் சொல்ல வேண்டும். இரவு முழுக்க அந்தப் பிள்ளை தாமரை, கரடி, கும்பகோணம் மாதிரி ஏதோ மூன்றை வாய்க்குள் உருட்டிக்கொண்டே படுத்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்வேன். ஒரு நாளைக்கு மூன்றே சொல். ஒரு பக்கம் முழுக்க எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் இன்றைய வீட்டுப்பாடத்தை நினைத்தால் அந்த வாத்தியார் கெட்டிக்காரர்.

ஆனால் அந்தக் காலத்தைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு மனம் வராது. அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? நம் ஊர்ப்பக்கம் திண்ணையில் ஏறவே அனுமதி இல்லாத வீடுகள் எத்தனை? பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? யானைக்கு நாற்பது பெயர் தெரிந்த பையன் ஒரு தெருவில் இருந்தான். தன் பெயரை எழுதத் தெரியாதவர்கள் பத்துத் தெருவில் இருந்தார்கள். நிகண்டு கற்றவர்களின் சொல் வளம் அந்த வேலிக்குள்ளேயே வளர்ந்தது. புலவர் புலவருக்குப் பாட அது போதும்.

அகர வரிசை பிறகு வந்தது. 1594-இல் சிதம்பரம் ரேவண சித்தர் அகராதி நிகண்டு என்று செய்தார். முதலெழுத்தை வைத்து அடுக்கியது அதுதான். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு, அதனால் சதுர் அகராதி. இத்தாலியிலிருந்து வந்த மனிதருக்கு நம் பிள்ளைகள் போல ஐந்து வயதிலிருந்து விருத்தம் பாடி வளர வழியில்லை. தேடி எடுக்கத்தான் வேண்டும். வெளியிலிருந்து வந்து கற்றுக்கொள்கிறவனுக்குத் தேவையானதைச் செய்தார், அது உள்ளே இருந்தவர்களுக்கும் பயன்பட்டது. பிறகு அச்சு வந்தது, வின்சுலோ 1862-இல் அறுபத்தேழாயிரம் சொல்லுக்கு மேல் தொகுத்தார், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாகப் பேரகராதி கொண்டுவந்தது, வையாபுரிப் பிள்ளை அதன் பதிப்பாசிரியராக இருந்தார். இதில் ஒரு லட்சம் சொல்லுக்கு மேல். இதெல்லாம் உங்களுக்குப் பாடத்தில் வந்தவைதான், ஓடிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்குள் பார்த்தால், அச்சுப் புத்தகம் வந்ததும் நிகண்டு போய்விட்டது. அதன் இடத்தில் பாட்டுக்குக் கீழே "அருஞ்சொற்பொருள்" வந்து உட்கார்ந்தது. இடப்பக்கம் சொல், கோடு, வலப்பக்கம் பொருள். இப்போது "சொல்லும் பொருளும்" என்கிறார்கள். நிகண்டில் ஓசையாவது இருந்தது. இதில் அதுவும் இல்லை. உரைகாரர்கள் சொன்ன மூன்று படியில் முதல் படி மட்டும் புத்தகத்தில் ஏறியது. மீதி இரண்டும் வாத்தியார் தலையில்.

இனி நான் அதிகம் யோசித்த விஷயத்துக்கு வருகிறேன். கலைச்சொல்.

என் அப்பா படித்த பாடப்புத்தகம் ஒன்று வெகுநாள் எங்கள் பரணில் கிடந்தது. அதில் பிராணவாயு, கரியமில வாயு, உஷ்ணமானி, க்ஷேத்திர கணிதம். நான் படிக்கும்போது வாத்தியார்கள் வாயில் பௌதிகம், ரசாயனம், பூகோளம், சரித்திரம். நான் வாத்தியாராகி உங்களுக்கு நடத்தும்போது இயற்பியல், வேதியியல், புவியியல், வரலாறு. மூன்று தலைமுறை ஒரே பொருளை மூன்று பெயரில் படித்திருக்கிறோம். இதற்குப் பின்னால் நிறைய மனிதர்களின் உழைப்பும் சண்டையும் இருக்கிறது.

ஆரம்பம் இலங்கையில் என்று சொல்வேன். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு உள்ளூர்ப் பையன்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு என்று மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1873-இல் ஊர் திரும்பும்வரை இதே வேலை. ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் ஒரு தமிழ்ச் சொல் வேண்டுமே! தமிழில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, இல்லாவிட்டால்தான் மற்ற வழி. சொல் இல்லை என்று கையை விரிக்காமல் தேடிப் போனார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

அடுத்தது சேலம். 1916-இல் ராஜாஜி அங்கே வக்கீலாக இருந்தபோது வெங்கடசுப்பையர் என்பவரோடு சேர்ந்து அறிவியல் சொற்களுக்காக ஒரு சங்கம் வைத்து, ஒரு பத்திரிகையும் நடத்தினார். பிறகு 1930-களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் இறங்கினார்கள். இ.மு.சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பு அதில் பெரிது. 1936-இல் சுவாமி விபுலானந்தர் தலைமையில் கலைச்சொல் மாநாடு கூடியது. 1938-இல் "கலைச்சொற்கள்" புத்தகமாக வந்தது. இவர்கள் தமிழ் வேரிலிருந்தே சொல் எடுக்க வேண்டும் என்ற பக்கம். வடசொல்லை அப்படியே வைக்கலாம், இந்தியா முழுவதற்கும் பொதுவாக இருக்கும் என்பது இன்னொரு பக்கம். ஆங்கிலச் சொல்லையே எழுத்துப்பெயர்த்துவிடலாம் என்பது மூன்றாவது பக்கம். உயர்நிலைப் பள்ளிகளில் பாடங்களைத் தாய்மொழியில் நடத்தும் காலம் வந்துகொண்டிருந்தது, அதனால் இது வெறும் புலவர் வழக்கு இல்லை. எந்தச் சொல் வெல்கிறதோ அதைத்தான் லட்சக்கணக்கான பிள்ளைகள் நாளைக்குப் படிக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் இருந்து பார்த்தால் இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று சந்தேகம் இல்லை. "உஷ்ணமானி" என்றால் பிள்ளை அதை உருப்போட வேண்டும். "வெப்பமானி" என்றால் பாதி வழியைத் தானே நடந்துவிடும். மானி என்றால் அளப்பது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மழைமானி, காற்றழுத்தமானி எல்லாம் வாத்தியார் இல்லாமலே புரியும். "ஒளிச்சேர்க்கை" என்று எழுதிப் போட்டுவிட்டு, "சொல்லுங்கள், என்னவாக இருக்கும்?" என்று கேட்டால் கடைசி பெஞ்சிலிருந்துகூட ஒரு பதில் வரும். ஆங்கில வழியில் படிக்கும் என் பேரன் அதே சொல்லை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டவே இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். அவன் குறை இல்லை அது. கிரேக்கம் தெரிந்த பிள்ளைக்கு அது எளிது. இவன் கோயம்புத்தூரில் பிறந்துவிட்டானே!

அதற்காக எல்லாத் தமிழாக்கமும் தேன் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு நாள்கூட உயிர் வாழாத சொற்களும் உண்டு. கடைக்காரரிடம் போய் "மின்கலம்" கேட்ட ஆறாம் வகுப்புப் பையனுக்கு பேட்டரி கிடைக்கவில்லை, சிரிப்புதான் கிடைத்தது. இரண்டையும் சொல்லிக்கொடுப்பதே வாத்தியாருக்கு அழகு.

ஆங்கிலம் பற்றிச் சொன்னதால் மைக்கேல் வெஸ்ட்டைச் சொல்லாமல் விட முடியாது. டாக்காவில், அன்றைய வங்காளத்தில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த ஆங்கிலேயர். 1920-களில் அவர் ஒரு நேர்மையான கேள்வி கேட்டார். இந்த வங்காளிப் பையன்களில் பெரும்பாலோர் படிப்பை முடிக்கப் போவதில்லை, நடுவில் நின்றுவிடுவார்கள். நிற்கும் அன்றைக்கு அவன் கையில் என்ன இருக்கும்? இன்ஷூரன்ஸ் பாலிசியை இடையில் நிறுத்தினால் கிடைக்கும் சரண்டர் வேல்யூ என்கிறோமே, அந்தச் சொல்லையே அவர் படிப்புக்குப் பயன்படுத்தினார். பாடப்புத்தகத்தில் வரிக்கு வரி புதுச்சொல்லைக் கொட்டாமல், அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடுத்து, கொடுத்த சொல்லைத் திரும்பத் திரும்ப வரவைத்து வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். 1935-இல் ஓர் அகராதி போட்டார். அதில் இருபத்துநாலாயிரம் பதிவுகளுக்கும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கம். பொருளுக்குப் பொருள் கேட்டால் முடிவில்லை என்று தொல்காப்பியர் சொன்ன சிக்கலுக்கு இவர் ஒரு வேலி கட்டிவிட்டார். 1953-இல் அவர் வெளியிட்ட சுமார் இரண்டாயிரம் சொற்களின் பட்டியல் வெகுகாலம் உலகம் முழுக்க ஆங்கிலப் பாடங்களுக்கு அடித்தளமாக இருந்தது.

அந்தச் சரண்டர் வேல்யூ என்ற எண்ணம் என்னை விடவே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளின் கடைசியில் நம் கரிசல் பக்கம் எட்டாம் வகுப்புதான் பல பிள்ளைகளுக்கு எல்லை. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியுமுன்னே ஊருக்குள் வந்துவிடும். மார்ச் மாதம் எட்டாம் வகுப்பில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தால், ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறவர்கள் பாதி. அந்த மீதிப் பாதிக்கு நான் கடைசி வாத்தியார். "நனி" என்றால் மிகுதி என்று தெரிந்து அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

அதனால் எட்டாம் வகுப்பில் தைமாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் "ஆபீஸ் சொல்" எழுதிப்போட ஆரம்பித்தேன். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம், வாரிசு, கிரயம், ஒத்தி, போக்கியம், ஈடு, ஷரத்து, மனுதாரர். பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்துகிறேன் என்று மேலிடத்திலிருந்து ஒருவர் முகம் சுளித்தார். நடத்தினேன். இந்தச் சொற்களில் பாதி அரபு, பாரசீகம், வடமொழி. இருக்கட்டுமே, பத்திரத்தில் அவைதானே இருக்கின்றன?

எட்டோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போன ஒரு பையன், பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பத்திர நகல். அவன் அப்பா இரண்டு குறுக்கம் நிலத்தை வைத்துக் கடன் வாங்கப் போயிருக்கிறார். அடமானம் என்று வாயால் சொல்லிக் கைநாட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவன் எழுத்துக்கூட்டிப் படித்தான், "சுத்தக் கிரயம்" என்று இருந்தது. "சார், கிரயம்னா வித்துட்டதுன்னுதானே நீங்க சொன்னீங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அந்த நிலத்தில் இப்போது அவன் தம்பி வெள்ளாமை பார்க்கிறார்.

இன்னொன்று, பிள்ளைகள் கொண்டுவரும் சொல். பாடத்தில் "மதகு" என்று வந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. கண்மாயில் தண்ணீர் திறந்துவிடும் இடத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "மடை!" என்று வகுப்பே கத்தியது. மடை திறக்கும் குடும்பத்துப் பையனே அங்கே உட்கார்ந்திருந்தான். அவனை எழுப்பி நிறுத்தி, மடை என்றால் என்ன, கலுங்கு என்றால் என்ன, எப்போது எதைத் திறப்பார்கள் என்று சொல்லச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினான். அதற்கு முன்னால் அவன் குரலை நான் கேட்டதே இல்லை. பழகாததைப் பழகியதோடு சேர்த்துவை என்று பழைய நூலில் இருப்பது இதைத்தான். நன்னூலார் இன்னொன்றும் சொல்கிறார். ஆசிரியரிடம் முழுசாகக் கேட்டாலும் கால் பங்குதான் வருமாம், கூடப் படிப்பவர்களோடு பேசி இன்னொரு கால், மற்றவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. அன்றைக்கு அந்தப் பையன் மீதி அரையை வாங்கிக்கொண்டான்.

வட்டாரச் சொல்லைத் தப்பு என்று சிவப்பு மையால் அடிக்கும் வழக்கம் அப்போது பலமாக இருந்தது. 1982-இல் கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்! நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் ஒரு சுற்று வந்தது உண்மை. புத்தகமாக வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு மரியாதை வந்துவிடும்.

அன்றிலிருந்து பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொற்களை நோட்டில் எழுதிவைத்தேன். ஓய்வு பெறும்போது நான்கு நோட்டு ஆகியிருந்தது. என் மருமகள் இப்போது அவற்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். கமலை பற்றிய பக்கத்தில் கூனை, வடம், வால்கயிறு மூன்றும் இருக்கின்றன. மாடு பின்னால் நடந்து ஏறும் சரிவுக்கும், கூனையில் கட்டும் தோலுக்கும் உங்கள் தாத்தாக்கள் என்ன பெயர் சொன்னார்கள் என்பது என் நோட்டில் அழிந்துபோய்க் கிடக்கிறது, கரையான் அரித்துவிட்டது. தெரிந்தவர்கள் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். எண்பது வயது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கேட்டு எழுதுங்கள். பக்கத்து ஊரில் வேறு பெயர் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள், சண்டை போட வேண்டாம்.